பன்னிரண்டாயிரம் லிட்டருக்குப் பக்கத்தில் ஒரு பீடி

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. ஓமலூர் புறவழிச் சாலையில் ஒரு டேங்கர் டிரைவர் கொடுத்தது. கொடுத்தார் என்பதைவிட, தலையில் கட்டினார் என்பதே சரி.

போன மே மாதம், மதியம். ஒரு டீக்கடைக்குச் சற்றுத் தள்ளி டேங்கரை ஓரங்கட்டி, அவர் கம்பியால் டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் விமானத்துக்கு ஊற்றும் எண்ணெய். கடையிலிருந்து ஒரு மனிதர் டீ டம்ளரோடு வந்து அந்த டேங்கரின் நிழலில் நின்றார். வேறு நிழல் இல்லை. நின்றவர் சும்மா நிற்காமல் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். டிரைவர் கம்பியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவர் வாயிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கி, அவருடைய டீயிலேயே முக்கினார்.

"ஏனுங்க, நெழலுக்கு ஒதுங்கற எடமா இது? மேல இத்தாச்சோடு பெருசா எழுதியிருக்குதே, படிக்கத் தெரியாதுங்களா?"

அந்த மனிதருக்கு நன்றாகவே படிக்கத் தெரியும். (அவர் யார் என்பது கதைக்கு முக்கியமில்லை. மேலே போவோம்.)

கொஞ்சம் ஆறிய பிறகு டிரைவர் என்னிடம், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கதை எழுதுகிறேன் என்றேன். "அப்ப இதையே எழுதுங்க சாமி. நாலு பேரு படிச்சா ரெண்டு பேராச்சும் கேப்பாங்க" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். ஆகவே நானே அவருக்குச் சண்முகவேல் என்று பெயர் வைத்துவிட்டேன்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கசக்கிப் போட்ட தாள்களை ஒளிக்காமல் காட்டிவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: "வானம் நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், பூமி அனலாய்க் கொதிக்க—"

வேண்டாம். வானமே நெருப்பைக் கக்கினால் பிறகு பீடிக்கு என்ன வேலை?

இரண்டாம் தொடக்கம்: "டமார்!"

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் முதல் வரியிலேயே எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டால் மிச்சப் பக்கங்களை யாரை வைத்து ஓட்டுவது? தவிர, இந்தக் கதையில் யாரையும் சாகடிக்க எனக்கு மனமில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒருவருக்கும் விரல்கூடச் சுடாது. நிம்மதியாகப் படியுங்கள். (இப்படி உடைத்துச் சொன்னால் விறுவிறுப்பு போய்விடும் என்கிறாள் என் மனைவி. ஒரு மனிதனுக்கு இருக்கிற வேலை நிற்குமா போகுமா என்பதும் விறுவிறுப்புதானே என்றேன். "அப்ப அதை எழுதுங்க, சும்மா வெட்டிப் பேச்சு பேசாம" என்றாள்.)

மூன்றாம் தொடக்கம்: "தமிழ்ச்செல்விக்கு மூக்கு வெகு கூர்மை."

இது நிற்கும் என்று தோன்றுகிறது.

3

தமிழ்ச்செல்விக்கு மூக்கு வெகு கூர்மை. இளம்பிள்ளையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். சாயம் போட்ட நூல் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்காமலே, வாசத்தை வைத்தே சொல்லிவிடுவாள் என்று வீட்டில் ஒரே பெருமை. அந்த மூக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம், ஓமலூருக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சின்ன விமானத்தளத்தின் எண்ணெய்க் கிடங்கு. அங்கே அவள் பாதுகாப்பு அதிகாரி.

[இந்த விமானத்தளத்தை வரைபடத்தில் தேட வேண்டாம். நான் கட்டியது. இரண்டு தாள் செலவானது. ஓடுதளம் கொஞ்சம் கோணல், கதைக்குப் போதும்.]

கிடங்கு வாசலில் ஒரு மர அலமாரி. அதில் மூன்று அறைகள்: கைபேசிக்கு ஒன்று, பீடி சிகரெட்டுக்கு ஒன்று, தீப்பெட்டி லைட்டருக்கு ஒன்று. டிரைவர்கள் எல்லாவற்றையும் அங்கே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காதுக்குப் பின்னால் செருகிய பீடி, தலைப்பாகைக்குள் முடிந்த பீடி, ஒருமுறை தூக்குப்போசியில் தயிர்சோற்றுக்கு அடியில் பிளாஸ்டிக் காகிதம் சுற்றிப் புதைத்திருந்த பீடி என்று அவள் பிடிக்காத பீடி இல்லை. "அம்மணி மோப்பம் புடிச்சிருமப்பா" என்று டிரைவர்கள் பயப்படுவார்கள். அவளுக்கு அது பிடிக்கும்.

விதி ஒன்றுதான். உள்ளே யாராவது நெருப்பு பற்றவைத்தால், அவள் ஒரு படிவம் எழுத வேண்டும். படிவம் மேலாளர் மேஜைக்குப் போனால் அந்த டிரைவரின் நுழைவுச்சீட்டு ரத்து.

சண்முகவேலுக்கு அந்தச் சீட்டு சாதாரணச் சீட்டு அல்ல. பரமத்திப் பக்கத்துக்காரர், ஐம்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருஷம் வடநாட்டு லைனில் டேங்கர் ஓட்டினார். குஜராத், ராஜஸ்தான் என்று போனால் வீடு திரும்பப் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். அவர் மனைவி பாவாயிக்கு ஒரு வழக்கம். அவர் வீட்டிலிருந்தால், சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டே கேட்பார்: "நாளைக்குச் சோத்துக்கு வருவீங்களா?" இருபத்தெட்டு வருஷமும் பதில் ஒன்றுதான். "எங்கடி வாரது?" மூன்று வருஷத்துக்கு முன் இந்த விமான எண்ணெய் லைன் கிடைத்தது. காலையில் லோடு ஏற்றி, மதியம் இறக்கி, பொழுது சாய வீட்டில் இருக்கலாம். இப்போதும் பாவாயி விடாமல் கேட்கிறார். "வாரேன்" என்கிறார் சண்முகவேல். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகவே அவர் சீக்கிரம் சாப்பிட்டு முடிப்பதாகக்கூட எனக்குத் தோன்றும்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. பன்னிரண்டாயிரம் லிட்டர் குழாய் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. தமிழ்ச்செல்வி அளவு பார்க்க வெளியே வந்தாள். டேங்கரின் முன் சக்கரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, மெல்லிசாக, ஒரு புகை எழுந்தது.

அங்கே சண்முகவேல் குந்தவைத்து உட்கார்ந்து, ஒரு பீடியை—

4

[கொஞ்சம் பொறுங்கள். பீடிக்கும் எண்ணெய்க்கும் நடுவில் ஒரு அடிக்குறிப்பு. பக்கத்தின் அடியில் போட்டால் யாரும் படிக்கமாட்டீர்கள் என்பதால் நடுவிலேயே போடுகிறேன்.

விமானம் என்றதும் ஏதோ தேவலோகத்து எண்ணெய் என்று நினைத்திருந்தேன். விசாரித்தால், அது நம் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய சொந்தம். பெட்ரோல் அளவுக்குக் கோபக்காரன் இல்லை. அதனாலேயே லாரிக்காரர்கள் நடுவே ஒரு வீரக்கதை உலவுகிறது: இந்த எண்ணெய்க்குள் பீடியைப் போட்டால் புஸ்ஸென்று அணைந்துவிடுமாம். யாரோ ஒருவர் போட்டாராம், அணைந்ததாம். அணைந்திருக்கலாம். அது அந்த ஒரு பீடியின் கதை.

எரிவது எண்ணெய் இல்லை, அதிலிருந்து கிளம்பும் ஆவி. சுமார் முப்பத்தெட்டு டிகிரிச் சூட்டில் பற்றிக்கொள்ளுமளவு ஆவி கிளம்பத் தொடங்கும் என்கிறார்கள். நம் சேலம், நாமக்கல்லில் மே மாதம் முப்பத்தெட்டு என்றால், "இன்னிக்குப் பரவால்ல" என்று துண்டை உதறிப் போட்டுக்கொள்வோம். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து வரும். சிந்திய எண்ணெய் ஒரு கந்தலில் ஊறினால் அது திரியாகிவிடும். பீடியின் கங்கைவிட, அதைப் பற்றவைக்கும் தீக்குச்சிதான் பெரிய வில்லன். இன்னொன்று: நிறைந்த டேங்கரைவிடக் காலி டேங்கர் மோசம். நிறைந்ததில் எண்ணெய் இருக்கிறது. காலியில் உள்ளே முழுக்க ஆவி இருக்கிறது.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.]

5

பீடியை வாயில் வைத்த இடத்தில் கதை நின்றுபோனது. நான் நிறுத்தவில்லை. சண்முகவேல் நிறுத்தினார்.

"ஏனுங்க, என்ற வாயில பீடிய வெச்சது ஆரு?"

நான்தான் என்றேன்.

"நான் பீடி குடிக்கறவனே இல்லீங்களே. இருவத்தெட்டு வருசம் டேங்கர் ஓட்டுன ஆளு. தூக்கம் வந்தா ஒரு கெராம்பு மெல்லுவேன். அவ்வளவுதான்."

"கதைக்கு வேணுங்க சண்முகவேல். பீடி இல்லாட்டி தலைப்பே போயிடும்."

"உங்க கதைக்கு வேணும்னா உங்க வாயில வெச்சுக்கங்க."

கொஞ்ச நேரம் பேனாவைத் திருகி மூடித் திறந்துகொண்டிருந்தேன். நியாயமாகப் பார்த்தால், டீக்கடையில் சிகரெட்டைப் பிடுங்கிப்போட்ட மனிதரைக் கொண்டுவந்து பீடி பிடிக்க வைத்தது என் தப்பு. ஆனால் தமிழ்ச்செல்வி புகையைப் பார்த்துவிட்டாள். "மெல்லிசாக, ஒரு புகை எழுந்தது" என்ற வாக்கியம் நன்றாக வேறு அமைந்துவிட்டது. அதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

"சரிங்க. பீடி இல்லை. அப்ப அந்தப் புகை என்ன?"

சண்முகவேல் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒரு தடவை துடைத்த முகத்தை மறுபடியும் துடைத்தார்.

"அன்னிக்கு வெள்ளிக்கெழமைங்க" என்றார்.

6

ஆகவே திருத்தி எழுதுகிறேன். தலைப்பில் உள்ள பீடி பொய். இருந்துவிட்டுப் போகட்டும், பொய்யான தலைப்புகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன.

சண்முகவேலைத் தமிழ்ச்செல்வி வாசலில் ஒருநாளும் சோதித்ததில்லை. பீடி இல்லாத ஒரே டிரைவர். மற்றவர்களைப் பார்த்து, "சண்முகவேலண்ணனைப் பாத்துக் கத்துக்குங்க" என்பாள். அவர் கைபேசியை வைத்துவிட்டு நேரே உள்ளே போவார். ஆனால் வண்டிக்குள், கண்ணாடிக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால், ஒரு மஞ்சள் பை இருந்தது. அதில் இரண்டு எலுமிச்சம்பழம், நாலு வெற்றிலை, ஒரு கற்பூர டப்பா, ஒரு தீப்பெட்டி. வெள்ளிக்கிழமை காலையில் வண்டிக்குக் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாமல் அவர் வண்டியை எடுத்ததே இல்லை. நம் பக்கத்தில் யார்தான் எடுப்பார்கள்? அன்றைக்கு விடியற்காலையிலேயே லோடு ஏற்றி விரட்டிவிட்டார்கள். பூஜை விட்டுப்போனது. வழியில் இரண்டு இடத்தில் குறுக்கே வண்டி வந்து உயிர் போய் உயிர் வந்தது. எண்ணெய் இறங்க எப்படியும் முக்கால் மணி ஆகும். சும்மா உட்கார்ந்திருந்த சண்முகவேலுக்கு மனம் கேட்கவில்லை.

தமிழ்ச்செல்வி புகையைப் பார்த்தாள். மூக்கு, "கற்பூரம்" என்றது. அவள் வலது கை தானாக எழுந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனது. பாதி வழியில்தான் மூளை வந்து சேர்ந்தது.

பிறகு அவள் ஓடிய ஓட்டத்தை எழுத எனக்கு மூச்சு போதாது. குழாயை நிறுத்தும் பொத்தானை ஓங்கிக் குத்தினாள், எண்ணெய் நின்றது. மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு டேங்கரைச் சுற்றிப் பாய்ந்து, வெற்றிலைமேல் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின்மீது மொத்த மணலையும் கொட்டினாள். வெற்றிலை, எலுமிச்சம்பழம், சண்முகவேலின் பாதி செருப்பு எல்லாம் மணலுக்குள் போய்விட்டன.

"என்னண்ணா பண்றீங்க?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"சாமிக்குத்தானுங்க அம்மணி. பீடியில்லீங்களே."

"ஆவிக்கு அது தெரியுமாண்ணா? குழாய் எங்க இருக்குது, நீங்க எங்க பத்தவெச்சிருக்கீங்க? இன்னிக்கு நாப்பத்தொரு டிகிரிண்ணா!"

"காத்து அக்கட்டால, அந்தப் பக்கமாத்தான் அடிச்சுதுங்க. பாத்துட்டுத்தான் வெச்சேன்" என்றார் சண்முகவேல். சொல்லிவிட்டுக் குழாயைப் பார்த்தார். அதன் இணைப்புக்குக் கீழே, சொட்டும் எண்ணெயைப் பிடிக்க வைத்திருந்த வாளியைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். தீப்பெட்டியை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். சீட்டுப் போகும் பயத்தில் நீட்டவில்லை. என்ன நடந்திருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

7

அலுவலகத்தில் தமிழ்ச்செல்வி படிவத்தை எடுத்தாள். சண்முகவேல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நெருப்பு வைத்த பொருள்: கற்பூரம்.
கொண்டுவந்தவர்:

இந்த இடத்தில் அவள் பேனா நின்றது. அவளுக்கு அவரைப் பிடிக்கும். பாவாயியின் கேள்வியைப் பற்றி அவரே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் இரக்கப்பட்டு எண்ணெய்க் கிடங்கு நடத்த முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்று நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் சட்டம் போட்ட ஒரு படம். போன வருஷத்து ஆயுதபூஜைப் படம்.

தினமும் பார்க்கிற படம்தான். அன்றைக்குத்தான் படித்தாள் என்று சொல்ல வேண்டும்.

படத்தின் நடுவில் கிடங்கின் சொந்த டேங்கர். நெற்றியில் பட்டையாகத் திருநீறு, சந்தனம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கழுத்தில் சாமந்தி மாலை. மேலாளர் சிவபிரகாஷ் மணி அடிக்கிறார். மேலே சிவப்புப் பலகையில் "புகைபிடிக்காதீர்" என்று ஆளுயர எழுத்து. பலகைக்கு நேர் கீழே, பச்சைப் பட்டுச்சேலை கட்டி, தட்டு நிறையக் கற்பூரத்தை ஏற்றி டேங்கருக்குச் சுற்றிக் காட்டுவது யார்?

தமிழ்ச்செல்வி.

கற்பூரம் வாங்கி வந்ததும் அவள்தான். நூறு கிராம், நல்லதாகக் கேட்டு வாங்கினாள். பாதுகாப்பு கருதி அன்று அந்த டேங்கரைக் காலி செய்யச் சொன்னதும் அவளேதான். காலி டேங்கர். எத்தனை வகுப்பு எடுத்திருக்கிறாள், நிறைந்ததைவிடக் காலி மோசம் என்று! அன்றைக்கு அவளுக்கு அது நெருப்பாகவே தெரியவில்லை. பூஜையாகத் தெரிந்தது. நெருப்பு என்றால் அவளுக்குப் பீடி, பீடி என்றால் டிரைவர். தேடுவதைத் தவிர வேறெதையும் அந்தக் கூர்மையான மூக்கு இத்தனை நாள் கண்டுபிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது அவளுக்கு. கொஞ்சம் சிரிப்பும் வந்தது. பட்டுச்சேலையில் அவ்வளவு அழகாக நின்றுகொண்டு அவ்வளவு பெரிய தப்பைச் செய்திருக்கிறாள்.

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

(அ) தமிழ்ச்செல்வி படிவத்தைக் கிழித்துப் போடுகிறாள். "இனிமே இப்படிப் பண்ணாதீங்கண்ணா." எல்லாருக்கும் டீ. சந்தோஷமான முடிவு என்று எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அடுத்த டேங்கரில், இன்னொரு சாமி படத்துக்குப் பின்னால், இன்னொரு மஞ்சள் பை இருக்குமே!

(ஆ) சண்முகவேல் பெயரை மட்டும் எழுதுகிறாள். விதிப்படி சரி. அவர் மறுபடி குஜராத் லைனுக்குப் போகிறார். பச்சைப் பட்டுச்சேலை சுவரில் சிரித்துக்கொண்டே இருக்கிறது. இதை அரைப்பக்கம் எழுதினேன். தமிழ்ச்செல்வி என் பேனாவை நகரவிடவில்லை.

(இ) அவள்—

மூன்றாவதை நான் யோசித்து முடிக்குமுன் அவளே எழுந்து போய்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாள். சட்டத்தைப் பிரித்து, படத்தை உருவி, படிவத்தோடு சேர்த்துக் குத்தினாள். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் எழுதினாள்: "1. சண்முகவேல், இன்று. 2. தமிழ்ச்செல்வி, போன ஆயுதபூஜையன்று. சாட்சி: படம்."

பிறகு வெளியே போய் சண்முகவேலிடம் அதைப் படித்துக் காட்டினாள். அவர் பதறிவிட்டார்.

"உங்க பேரு எதுக்குங்க அம்மணி? நான் பண்ணுனது எனக்கு."

"நான் பண்ணினது எனக்குண்ணா. வாசல்ல என்னைக்காச்சும் உங்ககிட்ட தீப்பெட்டி கேட்டிருக்கேனா? பீடி இல்லாதவருகிட்ட தீப்பெட்டி எதுக்கு இருக்கும்னு விட்டுட்டேன்."

இரண்டு பேரும் சேர்ந்து வாசல் அலமாரிக்குப் போனார்கள். அவர் மஞ்சள் பையை எடுத்து வந்தார். அலமாரியில் அதற்கு அறை இல்லை. கைபேசி அறையைப் பாதியாகத் தடுத்து, அட்டையில் "கற்பூரம், பூஜைச் சாமான்" என்று எழுதி ஒட்டினாள். அதில் முதல் பையாக அவருடைய பை உட்கார்ந்தது.

"அடுத்த வெள்ளிக்கெழமை சாமிக்கு என்னங்க பண்றது?" என்று கேட்டார் சண்முகவேல். கேட்ட பிறகுதான், அடுத்த வெள்ளிக்கிழமை தனக்கு உண்டா என்பதே தெரியாது என்று அவருக்கு ஞாபகம் வந்தது.

"எலுமிச்சம்பழம் வைக்கலாம்ண்ணா. தீக்குச்சி வெச்சாலும் அது பத்தாது" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்போது தமிழ்ச்செல்வி என் பக்கம் திரும்பினாள். "எல்லாரு பேரையும் எழுதிட்டோம். உங்க பேரையும் சொல்லிடுங்க சார்."

"நான் எதற்கு?"

"அந்த டீக்கடைங்க சார்."

சரி. ஒத்துக்கொள்கிறேன். டேங்கர் நிழலில் நின்று சிகரெட் பற்றவைத்த மனிதர் நான்தான். டீ என்னுடையது. வாசகரான உங்களிடம் முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு, என் சிகரெட்டைப் பீடியாக்கி, என்னைக் காப்பாற்றிய மனிதரின் வாயில் வைக்கப் பார்த்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் சண்முகவேல். எழுதிக்கொள்ளுங்கள் அம்மணி: "3. கதாசிரியர், ஓமலூர் புறவழிச் சாலை, சிகரெட். சாட்சி: இந்தக் கதை."

9

படிவத்தில் ஒரே ஒரு கட்டம் பாக்கி. "எடுக்க வேண்டிய நடவடிக்கை." அதை மேலாளர் நிரப்ப வேண்டும். சிவபிரகாஷ் சென்னைக்குப் போயிருக்கிறார். நாளைக் காலையில்தான் வருவார். வந்தால் படத்தில் மணி அடிக்கிற தன்னையும் பார்ப்பார். பார்த்துவிட்டு என்ன எழுதுவார்? நான் எட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். குற்றப் பட்டியலில் மூன்றாவதாக நிற்கிறவன் தீர்ப்பு எழுதுவது முறையல்ல என்று பேனாவை மூடிவிட்டேன்.

ஆகவே கட்டம் உங்களுடையது. இரக்கப்பட்டு எழுதுங்கள், விதிப்படி எழுதுங்கள், இரண்டையும் கலந்து எழுதுங்கள். எழுதுமுன் ஒருமுறை உங்கள் சட்டைப்பையையும், உங்கள் வண்டியில் சாமி படத்துக்குப் பின்னாலும் தடவிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏனென்றால் பரமத்திப் பக்கம் பொழுது சாய்ந்துவிட்டது. சண்முகவேல் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, சாப்பிட்டு முடித்துவிட்டார். இன்றைக்கு மெதுவாகத்தான் சாப்பிட்டார். பாவாயி எதிரில் வந்து நிற்கிறார். குனிந்து தட்டை எடுக்கிறார்.

"நாளைக்குச் சோத்துக்கு வருவீங்களா?"

சண்முகவேல் வாயைத் திறக்கிறார். என்ன சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.